நடுப்பிம்பம் ஏன் மங்கியது?

மருங்காபுரியில் இருட்டின பிறகு, டீக்கடைக் கண்ணாடி டம்ளரின் தடித்த அடி வழியே தெருவிளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு இரண்டு மூன்றாகப் பிரியும். கண்ணாடியில் குமிழி இருந்தால் அந்தப் பிம்பங்களில் ஒன்று மட்டும் பொங்கும், அல்லது மங்கும். குமிழி நம் கண்ணுக்குத் தப்பினாலும் விளக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

மிகப் பிரகாசமான விண்மீன்திரள் மையமான தொலைதூரக் குவேசாருக்கு முன்னால் வேறொரு விண்மீன்திரள் நின்றால், அதன் ஈர்ப்பும் ஒரு வில்லையாக நின்று இதே வேலையைச் செய்கிறது. முதல் இரட்டைப் பிம்பக் குவேசார் 1979இல் கிடைத்தது. 1985இலேயே மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கந்தசுவாமி சுப்ரமணியன், எஸ்.எம்.சித்ரே, டி.நரசிம்மா மூவரும், இடையிலுள்ள சிறு பொருள்கள் பிம்பத்தின் வெளிச்சத்தை மாற்றும், பிம்பத்தையே மறைக்கவும் செய்யும் என்று கணக்கிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள்: வெளிச்சக் கோளாறிலிருந்து, ஒளிவிடாத கரும்பொருள் கட்டிகளை எடைபோடுவது.

இதன் பலம் பெரிது. ஒரு விண்மீன்கூட இல்லாத கரும்பொருள் கட்டியை எந்தத் தொலைநோக்கியும் நேராகக் காணாது. ஈர்ப்புக்கோ எடை இருந்தால் போதும். மூன்று பிம்பங்கள் நெருங்கி நின்றால், நடுப்பிம்பத்தின் வெளிச்சம் பக்கத்து இரண்டின் கூட்டுத்தொகையை ஒட்டி வரவேண்டும். பி2045+265 என்ற வில்லையில் நடுப்பிம்பம்தான் மூன்றிலும் மங்கல்!

ஆனால் குற்றவாளி யார்? கரும்பொருள் கட்டியா, திரளின் சாதாரண விண்மீனா, தூசியா? குவேசாரே நடுவில் மினுங்கியிருக்கலாம்; அந்த மினுக்கம் ஒரு பிம்பத்தில் முன்னும் இன்னொன்றில் பின்னும் தெரியும். லடாக்கின் ஹான்லே தொலைநோக்கியும் சேர்ந்து கண்காணித்த ஓர் இரட்டைப் பிம்பத்தில் இந்தக் கால இடைவெளி சுமார் 119 நாள். விண்மீன், தூசி என்ற இரண்டு சந்தேகங்களுக்கும் மருந்து உண்டு: ரேடியோவிலோ நடு அகச்சிவப்பிலோ பார்த்தால் தூசி மறைக்காது, அங்கே ஒளிரும் பகுதி பெரிது என்பதால் தனி விண்மீனும் அதை அசைக்காது.

எனக்குத் தீராத சந்தேகம் வேறு. "கோளாறு" என்று சொல்ல, கோளாறில்லாத திரள் எப்படியிருக்கும் என்று முதலில் வரைந்தாக வேண்டும். அந்த வரைபடம் மழமழப்பான நீள்வட்டம். பி1555+375 என்ற வில்லையில் கட்டியின் தடயம் என்று நம்பியதை, அந்தத் திரளில் விளிம்புவாட்டில் நிற்கும் ஒரு விண்மீன் வட்டே விளக்கிவிடுகிறது என்று 2016இல் தெரிந்தது. 2002இல் தலால், கொச்சானெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஏழே வில்லைகளை வைத்து, திரளின் எடையில் 0.6 முதல் 7 சதவீதம் கட்டிகள் என்றார்கள். பத்து மடங்குக்கு மேல் இழுபடும் விடை அது. போதாததற்கு, வழியில் தனியே மிதக்கும் கட்டிகளும் திரளின் கணக்கில் ஏறிவிடும். ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி, இப்படி அளக்கப்படும் வில்லைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு திரளிலும் வட்டு இருக்கிறதா என்பதைத் தனித்தனியே படமெடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.