சாளரத்திலிருந்து ஒரு நகர்

பிரான்சு நாட்டு மனப்பதிவு ஓவியர் கமீல் பிசாரோ, 1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகர விடுதியொன்றில் அறையெடுத்துத் தங்கினார். கண்நோயால், காற்றிலும் தூசியிலும் நின்று தீட்ட இயலாத நிலை. மாடிச் சாளரத்தருகே அமர்ந்து, கீழே தெரிந்த மோன்மார்த்ர் பெருஞ்சாலையை 14 ஓவியங்களாக்கினார் அம்முதியவர்.

இவ்வோவியங்களின் சிறப்பு யாது? குதிரை வண்டியில் செல்லும் செல்வருக்கும் நடந்து செல்லும் ஏழைக்கும் அவர் அளித்தது ஒரே வகைத் தூரிகைத் தீற்றலே. இத்தொடரின் ஒரே இரவுக் காட்சி இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. அதில் சாலை நடுவே புதிய மின்விளக்குகள் வெண்மையாய் ஒளிர்கின்றன. கடைகளின் எரிவாயு விளக்கொளி பொன்னிறமாய்க் கரைகிறது. பழைய ஒளியிலிருந்து புதிய ஒளிக்கு ஒரு நகரம் கடந்துசெல்லும் வேளை அது.

ஆயினும் அத்தீற்றல்களுக்கு முகமில்லை. நகரின் துயரை அறியாதவரல்லர் பிசாரோ. சில ஆண்டுகளுக்கு முன்புதான், பாரிஸின் பசியையும் சுரண்டலையும் 28 கோட்டோவியங்களாக வரைந்து, இலண்டனில் இருந்த தம் உறவுப் பெண்களுக்கு அனுப்பியிருந்தார். அவை அவர் வாழ்நாளில் வெளியிடப்படவில்லை. அவ்வாறெனில், பெருஞ்சாலையில் அவர் காட்டிய ஒளி பொய்யா?

கும்மிடிப்பூண்டி இரயில் நிலைய நடைமேம்பாலத்தில் அந்தி நேரத்தில் நிற்கும்போதெல்லாம் இவ்வினா எனக்குள் எழுவதுண்டு. சிப்காட் ஆலைகளில் ஷிப்டு முடிந்தோர் சென்னை வண்டிக்காகத் திரண்டிருப்பர். புகையும் செவ்வொளியும் கலந்த அக்காட்சி அழகானதே. ஒடிசாக்காரரும் பொன்னேரிக்காரரும் மேற்பார்வையாளரும் மேலிருந்து நோக்குங்கால் ஒரே தீற்றல்தான்.

ஒரு மாலை, படியிறங்குகையில் இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தினார். கையில் கட்டு; மறுகையில் மருத்துவமனையின் பெயர் எழுதிய தாள். அவர் பேசிய இந்தி எனக்குப் புரியவில்லை. அவருடன் நடந்து சென்றேன். சற்று முன்பு மேலிருந்து நான் இரசித்த கூட்டத்தில் அவரும் இருந்திருப்பார்.

பிசாரோவின் ஒளி பொய்யன்று. எவரையும் பெரியவர் சிறியவர் எனப் பிரிக்காமல் காண்பது மனித மாண்பை மதிப்பதன் தொடக்கம். ஆனால் காயம்பட்ட கையைக் காணப் படியிறங்கியாக வேண்டும். பிசாரோ இரண்டையும் அறிந்தவர். எனினும் ஒன்றைச் சுவரிலும் மற்றதை உறவினர் வீட்டிலும் வைத்துவிட்டார். நம் தொழிற்பேட்டையை என்றேனும் ஓர் ஓவியர் தீட்டுவாராயின், அந்தியொளியும் அந்தக் கையும் ஒரே திரையில் இடம்பெற வேண்டும்.