ஒரு நாட்டுக்கு ஒரே படகு

பிரான்சின் டோனி எஸ்தாங்கே 2000இல் சிட்னியிலும் 2004இல் ஏதென்சிலும் 2012இல் லண்டனிலும் ஒரே பந்தயத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கனூ ஸ்லாலத்தில், முழந்தாளிட்டு ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தும் தனியாள் படகுப் பந்தயம் அது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று தங்கத்தில் தொடங்கி, பாரிஸ் 2024 ஏற்பாட்டுக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கியதில் முடிக்கிறார்கள். விடுபட்டுப்போவது ஒரு செய்தி. லண்டனில் அவர் வென்றபோது, அதே பந்தயத்தின் நடப்பு உலகச் சாம்பியன் களத்திலேயே இல்லை. 2011 உலகப் பட்டத்தை வென்ற தெனி கார்கோவும் பிரெஞ்சுக்காரர்தான். பிரான்சுக்கு இருந்தது ஓர் இடம். உள்நாட்டுத் தகுதிப் போட்டியில் அதை எஸ்தாங்கே எடுத்துக்கொண்டார். ஒரு நாட்டுக்கு ஒரு பந்தயத்தில் ஒரே படகு என்ற இந்த விதிதான் எஸ்தாங்கேயின் மூன்றாம் தங்கத்தை வார்த்த உலையாக இருந்தது. அந்தத் தங்கத்தை வைத்து உலகில் யார் சிறந்தவர் என்று சொல்ல முடியாதபடி செய்வதும் இதே விதிதான். விதியின் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் சார்பில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் நிற்கிறது.

இந்த ஆட்டத்தின் கணக்கு மிக நுண்ணியது. பொங்கிச் சுழலும் நீரோட்டத்தில் 18 முதல் 25 வாயில்கள் தொங்கும். பெரும்பாலானவற்றை நீரோடு போகிற போக்கிலும், சிலவற்றை நீரை எதிர்த்துத் திரும்பி ஏறியும் கடக்க வேண்டும். வாயில் கம்பத்தில் துடுப்போ படகோ உடம்போ பட்டால் 2 நொடி தண்டம். ஒரு வாயிலைத் தவறவிட்டால் 50 நொடி, அதாவது அன்றைய ஆட்டம் முடிந்தது. ஏதென்ஸ் இறுதியில் ஸ்லோவாக்கியாவின் மிஹால் மார்ட்டிகான்தான் முதலில் முன்னிலையில் இருந்தார். காணொளியைத் திரும்பப் பார்த்து நடுவர்கள் விதித்த 2 நொடி தண்டத்தால் தங்கம் எஸ்தாங்கேக்குப் போனது, வித்தியாசம் 0.12 நொடி. லண்டனில் எஸ்தாங்கே, ஜெர்மனியின் சிடெரிஸ் தாசியாடிஸ், மார்ட்டிகான் மூவரும் ஏறத்தாழ ஒன்றேகால் நொடி இடைவெளிக்குள் அடங்கிவிட்டார்கள். நீரின் அடிச்சுழல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழுவதில்லை என்பதால், இவ்வளவு சிறிய இடைவெளியில் திறமை எவ்வளவு, தற்செயல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. ஒருமுறை இந்தச் சல்லடையில் தப்புவதே கடினம். ஆழமான அணி கொண்ட நாட்டின் வீரர் முதலில் வீட்டிலும் பிறகு ஒலிம்பிக்கிலுமாக இரண்டு முறை இதில் தப்ப வேண்டும். திறமையான அணி இல்லாத நாட்டின் வீரருக்கு முதல் சல்லடையே கிடையாது.

விதியின் நன்மையை முதலில் நேர்மையாக எடுத்து வைத்துவிட வேண்டும். எஸ்தாங்கேயின் அண்ணன் பத்ரீஸ் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் வெண்கலம் வென்றவர். விதி இவ்வளவு இறுகாத சிட்னிக்கான தேர்விலும் தம்பி டோனி அவரைப் பின்தள்ளிவிட்டுத்தான் போனார். சொந்த அண்ணனை வெளியே நிறுத்திவிட்டுக் கிடைத்த இடத்தை வீணாக்கிவிட்டுத் திரும்ப முடியுமா? அந்த அழுத்தம் தங்கமாக மாறியது. 2008 பெய்ஜிங்கில் தேசியக் கொடியைத் தூக்கிச் சென்ற அவரால் இறுதிச் சுற்றுக்குக்கூட நுழைய முடியவில்லை. முப்பது வயதில் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் 2009, 2010 உலகப் பட்டங்களை வென்றார். அடுத்த ஆண்டு அந்தப் பட்டத்தைக் கைப்பற்றிய இளைஞரை, அதற்கடுத்த ஆண்டு உள்நாட்டுத் தேர்வில் தோற்கடித்தார். லண்டனுக்குப் போகும்போதே அவர் உலகின் மிகக் கடினமான ஒரு போட்டியை வென்று முடித்திருந்தார். இன்னொரு நன்மையும் உண்டு. தேர்வைக் குழுவின் கருணைக்கு விடாமல் கடிகாரத்திடம் விட்டதால், மூத்தவர் என்பதற்காகவோ புகழ் என்பதற்காகவோ யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. கார்கோவும் உடைந்துவிடவில்லை. நான்கு ஆண்டுகள் காத்திருந்து 2016 ரியோவில் தங்கம் வென்றார்.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் எழும்: கார்கோவே பிறகு வென்றுவிட்டாரே, அப்புறம் என்ன குறை? வென்றவரை மட்டும் எண்ணும்போதுதான் அது குறையற்ற கதையாகத் தெரிகிறது. ஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். அலெக்சாண்டர் ஸ்லாஃப்கோவ்ஸ்கி உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்தப் பட்டத்தை ஒருமுறைக்கு மேல் வென்றவர். தனியாள் கனூவில் அவர் ஒலிம்பிக் பார்க்கவில்லை. இடத்தை மார்ட்டிகானோ மாத்தேய் பெனியுஷோ பிடித்துவிட்டார்கள். ரியோவில் பெனியுஷ் வெள்ளி வென்றபோது, ஐந்து ஒலிம்பிக் பதக்கங்களும் நான்கு தனிநபர் உலகப் பட்டங்களும் பெற்ற மார்ட்டிகானும் வெளியேதான் இருந்தார். அவர்களில் ஒருவர் அங்கே இருந்திருந்தால் பதக்க மேடை எப்படி மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதே விதியின் விளைவு. ஆனால் உலகம் ஒலிம்பிக் பதக்கத்தை வைத்தே வீரர்களை அளக்கிறது. இந்த அளவுகோல் எவ்வளவு கோணலானது என்பதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. 1972இல் முனிச் ஒலிம்பிக்குக்காக ஆக்ஸ்பூர்கில் நடந்த ஸ்லாலம் அதற்குப் பிறகு 1992 வரை ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. அந்த இடைவெளியில் அமெரிக்காவின் ஜான் லக்பில் ஐந்தும் பிரிட்டனின் ரிச்சர்ட் ஃபாக்ஸ் நான்குமாகத் தனிநபர் உலகப் பட்டங்களை எட்டியவர்கள். 1992இல் இருவருக்கும் கிடைத்தது நான்காம் இடம். பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அவர்கள் இருந்ததே தெரியாது.

விதியை ஆதரிப்பவர்களின் முக்கிய வாதம் பரவல். ஒலிம்பிக்கில் இடங்கள் குறைவு, டோக்கியோவில் ஸ்லாலத்துக்கு மொத்தமே 82 வீரர்கள். ஒரு நாட்டுக்கு இரண்டு மூன்று கொடுத்தால் ஐரோப்பாவின் நாலைந்து நாடுகளே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். ஒரு நாட்டுக்கு ஒன்றுக்கு மேல் படகு அனுமதிக்கப்பட்ட பழைய போட்டிகளைப் பார்த்தால் அச்சம் வெறும் கற்பனையல்ல. சிட்னியில் எஸ்தாங்கேயோடு மேடையேறிய மற்ற இருவருமே ஸ்லோவாக்கியர்கள், மார்ட்டிகானும் யுராய் மிஞ்சிக்கும். அதே போட்டியில், அமர்ந்து இரட்டை அலகுத் துடுப்பால் செலுத்தும் கயாக்கில், பெண்கள் பிரிவின் வெள்ளியும் வெண்கலமும் பிரான்சுக்கு. இட நெருக்கடியால் புதிய நாடுகள் நுழைந்திருக்கின்றன என்பதும் உண்மை. 2016இல் ஜப்பானின் தாகுயா ஹனேடா வென்ற வெண்கலம் ஸ்லாலத்தில் ஆசியாவின் முதல் பதக்கம். 2008இல் பெஞ்சமின் புக்பெட்டி டோகோ நாட்டுக்கு அதன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். ஆனால் அந்த இருவரையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். புக்பெட்டி பிரான்சில் பிறந்து பிரான்சில் பயின்றவர், தந்தை வழியில் டோகோக்காரர். ஹனேடா பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஸ்லோவாக்கியாவுக்குப் போய்த் தங்கிப் பயின்றவர். பரவியது கொடிகளின் எண்ணிக்கை; பயிற்சி அதே ஐரோப்பிய நீரோட்டங்களில்தான் நடந்தது. செயற்கை வெள்ளப் பாதை அமைக்கப் பெரும் செலவாகும், அதைக் கட்டி வைத்துக்கொள்ள நாடுகள் விரும்பாவிட்டால் இட ஒதுக்கீடு மட்டும் விளையாட்டை வளர்த்துவிடாது. சிறிய நாடுகளுக்குக் கதவைத் திறந்ததற்காக விதியைப் பாராட்டலாம். அதை வைத்துக்கொண்டு விளையாட்டு உலகெங்கும் பரவிவிட்டது என்று சொல்வது ஏமாற்று.

ஒரு நாட்டுக்கு ஒன்றுக்கு மேல் படகு விட்டாலும் பந்தயம் கெடாது என்பதற்கு வலுவான சான்று ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. 2012இல் இரட்டையர் கனூவில் தங்கமும் வெள்ளியும் பிரிட்டனுக்கே போயின. தனிநபர் பந்தயங்களில் ஏற்கெனவே இடம்பெற்ற டேவிட் ஃப்ளோரன்சும் ரிச்சர்ட் ஹவுன்ஸ்லோவும் இரண்டாவது படகாக இறங்க வழி விடப்பட்டிருந்தது. அதனால் பந்தயம் கெட்டுப்போனதாக அன்றைய பார்வையாளர்கள் யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. 2024 பாரிஸில் கயாக் கிராஸ் என்ற புதிய பந்தயம் சேர்ந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து அக்காவும் தங்கையும் களமிறங்கினர். கயாக்கிலும் கனூவிலும் தங்கம் வென்றிருந்த ஜெசிக்கா ஃபாக்ஸ் தோற்று வெளியேறினார், தங்கை நோயமி தங்கம் வென்றார். ஜெசிக்கா இருக்கும்வரை மற்ற இரு பந்தயங்களில் நோயமிக்கு ஒலிம்பிக் வாசல் திறந்திருக்காது. அவர்களின் தந்தை, 1992இல் நான்காம் இடத்தில் நின்ற அதே ரிச்சர்ட் ஃபாக்ஸ்.

ஆகவே விதியைத் தூக்கி எறிய வேண்டும் என்பதல்ல என் கட்சி. நடப்பு உலகச் சாம்பியனுக்கு மட்டும் நாட்டின் இடத்துக்கு வெளியே ஓர் இடம் தரலாம். தடகள உலகப் போட்டிகளில் நடப்புச் சாம்பியனுக்கு அப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பந்தயத்தில் கூடுவது அதிகபட்சம் ஒரு படகு, சிறிய நாடுகளுக்கு இழப்பு இல்லை. பெரிய நாடுகளே மேலும் கொழுக்கும் என்று சிலர் சொல்வார்கள். அந்த இடம் நாட்டுக்கு உரியதல்ல, பட்டம் வென்ற ஆளுக்கு உரியது. அடுத்த ஆண்டு வேறு யாராவது வென்றால் அங்கே போய்விடும். இந்த ஏற்பாடு 2012இல் இருந்திருந்தால் கார்கோ லண்டனுக்குப் போயிருப்பார், எஸ்தாங்கே அங்கே அவரை இன்னொரு முறை, இம்முறை உலகமே பார்க்க, வெல்ல வேண்டியிருந்திருக்கும். வென்றிருக்கலாம், மூன்று தங்கம் இரண்டாகவும் போயிருக்கலாம்.