நுரைக்கு ஓசையில்லை

கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்திருக்கும் நாளில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஒகேனக்கலுக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். தண்ணீர் அப்படி இரையும். கண்ணைத் திறந்தால் ஆற்றின் மேல் பஞ்சுப் பொதியாக நுரை. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். நந்திமலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டுதான் ஓசூர்ப் பக்கம் வந்து சேர்கிறது. அங்கே நான் பதிவு செய்த ஆறு நிமிட ஒலியைச் சென்னை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். தூங்கப் போகும் முன் கேட்க அருமையாக இருக்கிறது என்று பதில் போட்டார்.

நிலத்தின் ஒலிகளைப் பதிவு செய்யும் கலைமீது எனக்கு மதிப்பும் உண்டு, சந்தேகமும் உண்டு. அந்தப் பதில் சந்தேகத்தைக் கூட்டியது.

மதிப்புக்குக் காரணம் ஒலிப்பதிவாளர் பெர்னி கிராஸ். கலிபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்றொரு புல்வெளி. தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டினால் காட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று மரக் கம்பெனி சொன்னது. வெட்டுவதற்கு முன், 1988இல், கிராஸ் அங்கே விடியற்காலை ஒலியைப் பதிவு செய்தார். ஓராண்டு கழித்து அதே இடத்தில் மறுபடியும் பதிவு செய்தார். புகைப்படத்தில் காடு அப்படியே இருந்தது. ஒலியிலோ பறவைக் கூட்டத்தைக் காணோம். ஓடையும் ஒரு மரங்கொத்தியும்தான் மிச்சம். படம் மறைத்ததை ஒலி காட்டிக்கொடுத்தது. கெலவரப்பள்ளியில் நடப்பது இதற்கு நேர்மாறு. நுரைக்கு ஓசையில்லை, நாற்றத்துக்கும் இல்லை. அங்கே ஒலியை மட்டும் நம்பினால் தென்பெண்ணை சுத்தமான நதி.

ஒலி தன் ஊரைத் தானே சொல்லிவிடும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். நமக்குத் தெரிந்த மிகப் பழைய பறவை ஒலிப்பதிவு 1889இல் ஜெர்மனியில் எடுக்கப்பட்டது. எட்டு வயதுப் பையன் லுட்விக் காக், மெழுகு உருளையில் பதிந்தது இந்தியக் காடுகளில் வாழும் சோலைபாடியின் குரலை. வீட்டுக் கூண்டில் இருந்த பறவை அது. அந்தப் பாட்டில் காடும் இல்லை, கூண்டும் இல்லை. கூடவே நாலு வரி எழுதி வைத்தால்தான் எங்கே, எப்போது என்பது தெரியும். பறவை ஒலிகளைச் சேர்க்கும் சேனோ-கான்ட்டோ தளத்தில் ஒவ்வொரு பதிவோடும் இடம், நாள், நேரம் கேட்கிறார்கள். தூக்கத்துக்கென்று மழையையும் அருவியையும் விற்கிறவர்களுக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படுவதில்லை. எந்த ஊர் மழை என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இதைவிட எனக்கு உறுத்துவது பதிவிலிருந்து லாரிச் சத்தத்தை வெட்டி எடுக்கும் பழக்கம். மனித ஓசை கலந்தால் பதிவு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். ஓசூரில் இந்தக் கணக்குச் செல்லாது. 44ஆம் எண் நெடுஞ்சாலையின் இரைச்சல் சானமாவுக் காட்டு விளிம்பிலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இங்கே பிறந்தவர்களுக்கு, விடிகாலையில் தெருமுனையில் பிரேக் போடும் கம்பெனி பஸ்தான் சேவல். அதை நீக்கிவிட்டு எந்த ஊரின் நினைவை மீட்கிறோம்?

ஏரியோரம் பதிவு செய்த ஆட்காட்டிக் குருவியின் குரலை, அங்கே ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். குருவியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. “ஏம்ப்பா, இது நம்ம ஏரி இல்லையே. நம்ம ஏரியில டீசல் இஞ்சின்தானே ஓடும், இது கரண்ட் மோட்டாரு” என்றார். ஏரி அதேதான். மாறியது மோட்டார்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் ஒலிக்கலைஞர் புத்தாதித்ய சட்டோபாத்யாய். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் எல்லையில் தொழில்மயமாகிவரும் தும்பானி என்ற நிலப்பகுதியின் ஒலிகளைக் கொண்டு அவர் அமைத்த படைப்பு 2008இல் வெளியானது. பக்கத்து பெங்களூருக்கும் 2013இல் ஓர் இரங்கற்பா செய்தார். இயந்திரத்தைக் கறையாக நினைத்து அவர் துடைத்துவிடவில்லை. ஆனால் மூல ஒலிகளை நீட்டிப் பிசைந்து இசைபோல ஆக்கிவிடுகிறார். கலையாக அது உயர்ந்தது, ஓர் ஊர்க்காரன் தன் இடத்தைத் தேடிக் கேட்டால் கை நழுவிப்போகிறது.

மனித ஓசையைத் தொல்காப்பியம் வேறுவிதமாகப் பார்த்தது. நிலத்தின் கருப்பொருளாகப் பறவையைச் சொல்லும் அதே பட்டியலில் பறையையும் சேர்த்தது. தினைப்புனத்தில் கிளியோட்டும் பெண்ணின் கூவலும் குறிஞ்சியின் ஓசைதான்.

தினையின் இடத்தில் இங்கே ராகி. பன்னார்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கும் பருவத்தில் பரணில் காவல் இருப்பார்கள். தகரம் தட்டுவார்கள், பட்டாசு வெடிப்பார்கள். “ஆனெ பந்த்து” என்று கன்னடத்தில் ஒரு குரல், “ஏனுகு ஒச்சிந்தி” என்று தெலுங்கில் இன்னொன்று, நடுவில் தமிழில் ஒரு வசவு. குயிலை வைத்து இது தமிழ்நாட்டு எல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கூச்சலை வைத்துச் சொல்லலாம்.

யானையின் பேச்சில் ஒரு பகுதி மட்டும் கைபேசி மைக்கில் விழுவதில்லை. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளுக்கு அருகில் நின்ற கேட்டி பெயின், காற்றில் ஏதோ துடிப்பதை உடம்பில் உணர்ந்தார். ஆராய்ந்ததில், 20 ஹெர்ட்சுக்கும் கீழே, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியில் அவை பேசிக்கொள்வது தெரியவந்தது. கைபேசிப் பதிவில் அந்த ஒலி நிற்காது.

சானமாவில் ஓர் இரவு நான் எடுத்த பதிவில் பட்டாசு இருக்கிறது, தகரம் இருக்கிறது, மூன்று மொழிக் கூச்சலும் இருக்கிறது. யானையின் பக்கத்திலிருந்து கேட்பது ஒரு கிளை முறியும் சத்தம் மட்டும். அதுகூட யானை முறித்ததா, பரணிலிருந்து இறங்கியவர் மிதித்ததா என்று அன்று நான் குறித்து வைக்கவில்லை.