யார் உயிருக்கு யார் கழுத்தில் காப்பு?

பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் வேப்பிலை ஆடையோடு நின்றுவிடுகிறார்கள். படம் பிடிக்க அதுதான் வசதி. உண்டியலுக்குள் விழும் தாலியை யாரும் படம் பிடிப்பதில்லை. புருஷனுக்கு நோய், விபத்து என்றால் 'என் தாலியை உனக்கே தந்துடறேன் தாயே' என்று நேர்ந்துகொள்கிறாள். அவன் பிழைத்து எழுந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று கட்டிக்கொள்கிறாள். மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். நாட்டார் எதிர்ப்பு மரபு என்று கொண்டாடியும் விடலாம். இரண்டிலும் அந்தப் பொருள் காணாமல் போகிறது.

முதலில் தாயத்து என்பதன் தர்க்கத்தைப் பார்க்க வேண்டும். பழைய எகிப்தியர் படிகக்கல் மணலை உவர்ப்பொருளோடும் செம்போடும் சேர்த்துச் சுட்டு, நீலப்பச்சை மெருகு ஏறிய ஃபயான்ஸ் உருக்களைச் செய்தார்கள். அரிய நீலக்கற்களுக்கு மாற்றாக மணல். அதில் வார்க்கப்பட்ட பெஸ் சிங்கமுகக் குள்ளன். தவரெத் வயிறு பெருத்த நீர்யானை. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பச்சைக் குழந்தைக்கும் காவல் இவர்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அகநாதன் சூரியத்தட்டு ஒன்றே தெய்வம் என்று ஆணையிட்டான். அவனது தலைநகரமான அமர்னாவிலேயே, குடியிருப்புகளில் பெஸ், தவரெத் உருக்களும் அவற்றை வார்க்கும் அச்சுகளும் கிடைத்திருக்கின்றன. அரசமதம் கோயிலைப் பிடித்தது, கழுத்தைப் பிடிக்க முடியவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது: அணிபவரும் காக்கப்படுபவரும் ஒரே உடல். தமிழிலும் தொடக்கம் அப்படித்தான். புறநானூறு 77இல் தலையாலங்கானத்து நெடுஞ்செழியன் இன்னும் தாலி களையாத சிறுவன். அகநானூறு 7இல் இளம்பெண் அணிவது புலிப்பல் தாலி. மாயோனின் ஐந்து ஆயுதங்களைக் கோத்த ஐம்படைத்தாலி குழந்தைக்குக் காப்பு. அணிந்த உடலுக்கே காவல்.

திருமணத் தாலியில் காப்பின் திசை திரும்பிவிட்டது. கட்டியிருப்பவள் ஒருத்தி, காக்கப்படுபவன் வேறொருவன். சிறுவன் தாலி களைந்தால் ஆளாகிவிட்டான் என்று அர்த்தம். பெண் கழுத்திலிருந்து இறங்கினால் 'தாலியறுத்தவள்' என்ற வசை. ஒரே சொல், ஒரே செயல். ஆணுக்கு வளர்ச்சி, பெண்ணுக்குத் தண்டனை. தாலி பற்றிய நமது கதையாடல்கள் அனைத்தும் இந்தத் திருப்பத்தை இயற்கை என்று காட்டுவதற்காகக் கட்டப்பட்டவை.

சுயமரியாதை இயக்கம் இதைத்தான் உடைத்தது. 1967இல் தமிழக சட்டமன்றம் செய்த திருத்தம் மாலை, மோதிரம், தாலி மூன்றில் எதுவானாலும் போதும் என்றது. சட்டப்படி தாலி கட்டாயமில்லை. 2015 ஏப்ரல் 14 அன்று பெரியார் திடலில் தாலியகற்றும் நிகழ்வு நடந்தது. அங்கே கழற்றியதும் பெரியபாளையத்தில் கழற்றுவதும் ஒன்றல்ல. ஆனால் ஒரு புள்ளியில் நெருங்குகின்றன. கணவன் உயிரோடிருக்கும்போதே, தன் கையாலேயே, பலர் பார்க்கக் கழற்றுகிறாள். கழற்றினால் அவன் சாவான் என்ற பயம் அந்தக் கணத்தில் பொய்த்துப் போகிறது. மறுகணமே புதிய கயிறு ஏறுகிறது என்பதும் உண்மை. விடுதலை என்று இதைச் சொல்ல முடியாது. அடிமைத்தனம் என்று மட்டும் சொல்லி முடிக்கவும் முடியாது. இது பேரம். தன்னிடமுள்ள ஒரே பொன்னை அவள் அடகுக்கடையில் வைக்காமல் அம்மனிடம் வைக்கிறாள்.

பேரத்துக்கு அவளைத் தள்ளியது எது? பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட். ஒப்பந்தக் கூலியின் கை இயந்திரத்தில் சிக்கினால் அந்த உடலுக்கு யார் பொறுப்பு? முதலாளியும் அரசும் தர வேண்டிய உத்தரவாதத்தை ஒரு பெண் தன் கழுத்தில் சுமக்கிறாள். தாலியை விமர்சிக்கிற நாம் தொழிற்சாலைப் பாதுகாப்பைத் தனிப் பிரச்சினையாக வைத்திருக்கிறோம். தொழிற்சங்கமோ தாலியைப் பெண்கள் விஷயம் என்று ஒதுக்குகிறது.

கடைசியாக, அந்தப் பொன் எங்கே போகிறது? 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டப்படி, அறநிலையத் துறைக் கோயில்களில் பயன்படாத காணிக்கைத் தங்கம் மும்பை நாணயச்சாலையில் கட்டியாக்கப்பட்டு வங்கியில் வைப்பாகிறது. வட்டி கோயிலுக்கு. மணலில் வார்த்த பெஸ்ஸை உருக்க முடியாது. அவன் அருங்காட்சியகத்தில் எண் ஒட்டிக் கிடக்கிறான், ஆனால் உருவம் மிச்சமிருக்கிறது. உருகிய தாலியில் எந்தப் பெண், எந்த வாக்கு, எந்த விபத்து என்பது எதுவும் மிச்சமில்லை, எடை மட்டும்தான். எழுதுகிறவர்களுக்கு வேலை அந்த இடத்தில் இருக்கிறது.