பானை ஓடும் பட எல்லையும்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் ஐரோப்பியப் படத்திலே, வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பாயும் அம்புகளைச் சுட்டி, "பண்டைய ஜெர்மானியர் பரவிய வழி இது" என்று நாமும் மாணவர்க்குச் சொல்லித் தந்தவர்களே. அம்பை வரைந்த கை எது என்று கேட்டோமில்லை.

ஜெர்மன் அறிஞர் குஸ்தாஃப் கொசின்னா, 1911இல் வெளியிட்ட 'ஜெர்மானியரின் தோற்றம்' என்னும் நூலில் ஒரு விதி வகுத்தார். ஒரே வகைப் பானையும் அணியும் எல்லை தெளிந்த ஒரு நிலப்பரப்பில் கிடைப்பின், அங்கு வாழ்ந்தது ஒரே இனமாம்! பானை கைமாறாதா? வணிகன் சுமந்து செல்லானா? அண்டை ஊரான் பார்த்து வனையக் கற்கமாட்டானா? உடைந்த ஓடு தான் பேசிய மொழியை அவர் செவியில் ஓதிற்றோ?

விதியினும் கொடிது, அதைப் பயன்படுத்திய விதம். 1919இல், வெர்சேல்சில் எல்லைகள் பேசப்பட்ட வேளையில், விஸ்துலா ஆற்றுநிலம் ஜெர்மானியரின் தொன்மைத் தாயகம் என நூலெழுதினார். போலந்துக்கு நிலம் போய்விடுமே என்ற கவலை! பண்டைய குலங்களுக்கும் இன்றைய ஜெர்மன் மக்களுக்கும் நம் மொழியிலும் ஒரே பெயர் நின்று மயக்குவதுண்டு. அவரோ மயங்கவில்லை, மயக்கினார். 1931இல் அவர் மறைந்தபின், அவ்வாய்வை இட்லர் ஆட்சி வாரி அணைத்துக்கொண்டது.

அவர்தம் உழைப்பை நாம் பழிக்கவில்லை. யாஸ்டார்ஃப் பண்பாட்டைத் தொடக்ககால ஜெர்மானிய மொழியினரோடு இணைப்போர் இன்றும் உளர். ஆயின், 1961இல் ரைன்ஹார்ட் வென்ஸ்குஸ் வேறொன்று காட்டினார்: சிறு குழுவொன்றின் பெயரையும் மரபையும் ஏற்று, பற்பல கூட்டத்தார் சேர்ந்து உருவானவையே அக்குலங்கள். நடக்க நடக்கக் கூட்டம் மாறுகிறது; படத்து அம்பின் நிறமோ தொடக்கம் முதல் முனை வரை ஒன்றே.