வாளியும் கட்டிலும் குதிரையும்: அஸ்ஸூஃபியின் விண்மீன் நூலை முன்வைத்து

இஸ்லாமிய வானியல் குறித்து நம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு போக்கு வழக்கமாகிவிட்டது. அல்தபரான், அல்தாயிர், தெனெப், ஃபொமல்ஹாத் என உலக வானியலாரின் நாவில் வழங்கும் பெயர்களை வரிசைப்படுத்தி, இவை அனைத்தும் அரபுச் சொற்களே என்ற பெருமிதத்தோடு கட்டுரையை நிறைவு செய்வது அது. தகவலில் பிழையில்லை. எனினும், பெயர் அரபு மொழியில் இருப்பதும், பெயருக்குப் பின்னுள்ள கற்பனை அரபியருடையதாக இருப்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை இப்பட்டியல்கள் மறைத்துவிடுகின்றன.

ஃபொமல்ஹாத் என்பது 'மீனின் வாய்'. தெனெப் என்பது 'வால்', அதாவது கோழியின் வால். இவ்விரண்டும் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய 'அல்மஜஸ்தி'யின் வருணனைகளுக்கு அரபு மொழிபெயர்ப்புகள். அல்தபரானோ 'பின்தொடர்வது' எனப் பொருள்படும். நம் கார்த்திகைக் கூட்டமாகிய அஸ்ஸுரய்யாவை இரவெல்லாம் தொடர்ந்து செல்வதால், கிரேக்க நூல் அறியாத பாலைவன மக்கள் அதற்கு இட்ட பெயர் அது.

இந்த வேறுபாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிதானமாகப் பேணியவர் ரய்யில் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி (903-986). புவைஹி அரசர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் கி.பி. 964 அளவில் அவர் இயற்றிய 'நிலைத்த விண்மீன்களின் உருவங்கள்' என்னும் நூல், தாலமியின் 48 உருவங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. முதலில் கிரேக்க வருணனை. பின்னர் அதே விண்மீன்களை அரபியர் எவ்வாறு அழைத்தனர் என்னும் குறிப்பு. இரண்டையும் அவர் கலக்கவில்லை. ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்கவுமில்லை.

இதன் அருமையை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழைமேகம் விலகிய முன்னிரவுகளில் உச்சிவானில் நான்கு விண்மீன்கள் பெரியதொரு சதுரமாக நிற்கும். கிரேக்கர் அதைச் சிறகுடைய குதிரையின் உடல் என்றனர். அரபியர் அதனை 'அத்தல்வ்' என்றனர். கிணற்று வாளி என்பது பொருள். முன்னிரு மீன்களும் பின்னிரு மீன்களும் அதன் நீர்வாய்கள். அதற்கப்பால் வளைந்து செல்லும் மீன்வரிசை வாளியின் கயிறு. நம் நாட்டவரோ அதே இருமீன்களைப் பூரட்டாதி என்றும், மற்ற இரண்டை உத்தரட்டாதி என்றும் பிரித்துக் கட்டிற்கால்களாகக் கண்டனர். அரபியரின் சந்திர மாளிகைகளில் 26, 27 ஆகவும், நம் நாள்மீன்களில் 25, 26 ஆகவும் எண்ணப்படுபவை இவையே. வானம் ஒன்று, கணக்கும் ஏறக்குறைய ஒன்று. கண்ட பொருள்தான் வேறு. நீருக்கு ஏங்கியவன் வாளியைக் கண்டான்.

இன்னொன்றும் காண்போம். அன்னஸ்ருத் தாயிர் என்னும் 'பறக்கும் கழுகு' மூன்று விண்மீன்களால் ஆனது. நடுமீன் உடல், இருபுறமும் விரிந்த சிறகுகள். இம்மூன்றே நம் திருவோணம். தமிழ் நிகண்டுகள் இதற்குத் தரும் பெயர் முக்கோல். பாலக்கரையிலிருந்து காவிரியைக் கடந்தால் அடையும் திருவரங்கத்தில், வைணவத் துறவியர் ஏந்தும் முக்கோலை அறியாதார் இல்லை. பாலைவனத்தில் கழுகாகப் பறந்தது, இங்கே துறவியின் கையில் கோலாயிற்று.

அஸ்ஸூஃபியின் நூலிலும் ஒரு குறை உண்டு. ஒவ்வோர் உருவத்துக்கும் வானில் தோன்றுவதுபோல ஒன்றும் கோளத்தில் தோன்றுவதுபோல ஒன்றுமாக இரு படங்கள் அமைத்தவர், அவற்றைப் பெரும்பாலும் கிரேக்க உருவங்களுக்கே அமைத்தார். அரபியரின் வாளி முதலியவை சொற்களாகவே நின்றுவிட்டன. பின்வந்த ஓவியர் படங்களைப் படியெடுத்தனர். ஐரோப்பியர் அவற்றைக் கைக்கொண்டனர். 1922இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 88 விண்மீன் மண்டலங்களை ஏற்றபோது குதிரை இடம்பெற்றது, வாளி இடம்பெறவில்லை. படம் பெற்ற கற்பனை வாழ்ந்தது. சொல்லாக நின்றது ஏட்டில் உறங்கியது.

இவ்வாராய்ச்சியால் நமக்கென்ன என்று வினவலாம். மழையை இன்ன விண்மீன் தந்தது என்று நம்புவதை ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். தரையிலும் கடலிலும் இருளில் வழிகாட்ட விண்மீன்கள் படைக்கப்பட்டன என்று திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் (6:97) எடுத்துரைக்கிறது. விலக்கப்பட்டது நம்பிக்கை; அறிவு விலக்கப்படவில்லை. நம் முன்னோர் இந்த எல்லையை அறிந்திருந்ததால்தான் பெயர்களைக் காத்தனர். இன்றோ பாலக்கரையின் கடைகளில் தொங்கும் நாள்காட்டித் தாளில் பூரட்டாதி என்று கண்டதும், அது சாதகக்காரரின் சொல் என ஒதுங்கிச் செல்கிறோம். அதை நம்பும் அண்டை வீட்டாரும் அம்மீனை வானில் கண்டவரல்லர். நாள்மீன்களைக் கண்ணால் அறிந்து விரலால் சுட்டிக்காட்ட வல்லார் எவரையும் இந்நாட்டில் தாம் காணவில்லை என்று 1030 அளவில் அல்பிரூனி எழுதிய குறை, இன்று நம் இரு சாராருக்கும் பொருந்துகிறது.

பெயர்ப் பட்டியலால் வரும் பெருமிதத்தை விட, பெயருக்குரிய மீனைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே அஸ்ஸூஃபிக்கு நாம் செலுத்தும் மரியாதை. இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியேறும் நேரத்தில் அந்த வாளி நம் தலைக்கு மேல்தான் இருக்கிறது.