பாதிப் புள்ளிகள் உங்கள் சர்வீஸில்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து மாநிலப் போட்டிக்குப் போகிற டேபிள் டென்னிஸ் பிள்ளைகள் பெரும்பாலும் ரேலியில் தோற்பதில்லை. பந்து நாலைந்து தடவை வலையைத் தாண்டிவிட்டால், சென்னைப் பிள்ளைகளுக்குச் சரிசமமாக நின்று அடிக்கிறார்கள். ஆனால் புள்ளி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எதிராளி மணிக்கட்டைச் சுழற்றிப் போடும் சர்வீஸை இவர்கள் தொட்டதும் பந்து வலையில் விழுகிறது. தப்பினால் எகிறிப் போய் அடி வாங்குகிறது. இவர்கள் போடும் சர்வீஸில் சுழலே இருப்பதில்லை. ஸ்கோரை மட்டும் பார்க்கிறவர்கள் ஆடவே தெரியாத பிள்ளைகள் என்று முடிவு கட்டுவார்கள். அது உண்மையில்லை. ஆட்டத்தின் ஒரே ஒரு பகுதியை யாரும் இவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு பகுதி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 2001 வரை ஒரு கேம் 21 புள்ளி, ஆளுக்கு ஐந்து ஐந்து சர்வீஸ். அந்த ஆண்டு செப்டம்பரில் 11 புள்ளியாகச் சுருக்கி, சர்வீஸை இரண்டு இரண்டாக மாற்றினார்கள். இன்று 11-9 என்று முடிகிற கேமில் மொத்தம் 20 புள்ளி. அதில் 10 புள்ளி உங்கள் சர்வீஸில் தொடங்குகிறது. அந்தப் பத்துப் பந்தையும் எங்கே போடுவது, என்ன சுழல் கொடுப்பது, எப்போது போடுவது என்பதெல்லாம் உங்கள் முடிவு. எதிராளி கை வைக்க முடியாத ஒரே ஷாட் இந்த ஆட்டத்தில் சர்வீஸ்தான்.

இன்னொன்றும் உண்டு. தனியாக நின்று முழுமையாகப் பழகக்கூடிய ஷாட்டும் இது ஒன்றுதான். 2019இல் உலகத் தரவரிசையில் 24ஆம் இடம் வரை போன சென்னை வீரர் ஜி. சத்தியன், முதல் 25க்குள் நுழைந்த முதல் இந்தியர். 2020 ஊரடங்கில் கூட ஆட ஆளில்லாமல் வீட்டில் ரோபோவை வைத்துப் பயிற்சி செய்தார். அந்த மாதிரி இயந்திரம் வாங்க நம் ஊர்ப் பள்ளிகளால் ஆகாது. அவருக்குக் கிடைத்தது போல எஸ். ராமன் என்ற துரோணாச்சாரியர் விருதாளர் பக்கத்தில் நின்று திருத்தவும் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பில்லை. சென்னை விழுப்புரத்திலிருந்து 160 கிலோமீட்டர். வாரம் மூன்று நாள் போய்வர எந்தக் குடும்பத்தால் முடியும்? ஆனால் சர்வீஸ் பழக ரோபோவும் வேண்டாம், கூட ஆட ஆளும் வேண்டாம். ஒரு மேசை, ஒரு வாளி நிறையப் பந்து, விடாமல் செய்கிற மனம் போதும். வசதி குறைந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இந்த விளையாட்டில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்திய வீரர் சரத் கமலை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். பதினாறு ஆண்டு கழித்து, 40 வயதில், பர்மிங்ஹாமில் மறுபடியும் அதே தங்கம். தேசியப் பட்டம் மட்டும் பத்து. அந்த வயதில் கால் இருபது வயதில் ஓடியது போல ஓடாது. ஆனால் எதிராளி எங்கே திருப்புவான் என்பதைச் சர்வீஸிலேயே பாதி தீர்மானித்துவிட்டு, வருகிற மூன்றாவது பந்தை ஃபோர்ஹேண்டில் முடிக்கிறவனுக்கு ஓட வேண்டிய தூரம் குறைவு. அவர் ஆட்ட வீடியோக்களைப் பார்க்கிற பிள்ளைகள் அந்த அடியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அடிக்கு இரண்டு பந்து முன்னால் நடந்ததைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சரி, சுழல் எப்படி வருகிறது? பந்தை அடித்தால் வேகம் வரும். உரசினால்தான் சுழல் வரும். தீப்பெட்டியில் குச்சியை உரசுகிற மாதிரி ரப்பர் பந்தின் தோலை மட்டும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். சரியாக உரசினீர்களா என்று காதே சொல்லிவிடும். ‘டொக்’ என்று மரச்சத்தம் கேட்டால் பந்து ரப்பருக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்சைத் தாண்டி மரப் பிளேடுவரை அழுந்திவிட்டது என்று பொருள். சத்தம் அடங்கி, பந்து மெதுவாகப் போய், ஆனால் மூர்க்கமாகச் சுழன்றால் அதுதான் நல்ல கட் (பின்சுழல்) சர்வீஸ்.

இதற்குப் பிடி தளர வேண்டும். ரேலியில் பிடிப்பது போல ஐந்து விரலாலும் கைப்பிடியை இறுக்கினால் மணிக்கட்டு அசையாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பேட்டை நிறுத்தி, மற்ற மூன்று விரல்களையும் கைப்பிடியிலிருந்து விலக்கிவிட வேண்டும். கையை ஊசல் போல வீசிப் பெண்டுலம் சர்வீஸ் போடுகிற எந்தப் பெரிய வீரரின் கையைப் பார்த்தாலும் இது தெரியும். அடுத்தது, பந்து பேட்டின் எந்த இடத்தில் படுகிறது என்பது. கைப்பிடியிலிருந்து தள்ளியிருக்கிற முனைதான் மிக வேகமாக நகர்கிறது. அங்கே பட்டால் சுழல் அதிகம். கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் குறைவு. மூன்றாவது, பந்தைத் தொடுகிற உயரம். மேலே தூக்கிப் போட்ட பந்து நன்றாக இறங்கி, கிட்டத்தட்ட வலையின் உயரத்துக்கு வந்த பிறகே தொட வேண்டும். நெஞ்சு உயரத்தில் தொட்டால் எவ்வளவு சுழல் கொடுத்தாலும் பந்து எதிர்ப்பக்கத்தில் எழும்பி நிற்கும்.

மேசை காலியில்லாத நாளிலும் இதைப் பழகலாம். தரையில் நின்று பந்தின் அடிவயிற்றை உரசி முன்னால் போடுங்கள். தரையில் விழுந்த பந்து தயங்கி, நின்று, உங்களிடமே உருண்டு வந்தால் கட் ஏறியிருக்கிறது. மேசைக்கு வந்ததும் நீளத்தைப் பழக வேண்டும். குட்டை சர்வீஸ் என்றால் பந்து எதிர்ப்பக்கத்தில் இரண்டு தடவை குத்த வேண்டும். எதிராளி தொடாமல் விட்டால் இரண்டாவது குத்தும் மேசைக்குள்ளேயே விழ வேண்டும். அதற்கு உங்கள் பக்கத்து முதல் குத்து வலையை ஒட்டியிருக்க வேண்டும். நீண்ட வேக சர்வீஸுக்கு நேர்மாறாக, முதல் குத்து உங்கள் விளிம்புக்கு அருகில்.

மா லின் என்ற சீன வீரரின் ‘கோஸ்ட் சர்வீஸ்’ வீடியோ நம் பிள்ளைகளின் போனிலெல்லாம் இருக்கிறது. 2008 ஒலிம்பிக் சாம்பியன். பந்து எதிர்ப்பக்கத்தில் குத்திவிட்டு வலைக்கே திரும்பி வரும். பார்க்க அற்புதம், எவ்வளவு கட் ஏறுகிறது என்று சோதிக்கவும் உதவும். ஆனால் அப்படித் திரும்பி வர வேண்டுமென்றே போட்டால் பந்து கொஞ்சம் உயரமாகக் குத்தும், ஆட்டம் தெரிந்த எதிராளி ஏறி அடித்துவிடுவான். அதைப் பழகுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைச் சுழலில்லாத டெட் பாலுக்குக் கொடுங்கள் என்பேன். கட் போடுகிற அதே கை வீச்சு, அதே வேகம், அதே முடிப்பு. பந்து மட்டும் கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டு, உரசல் இல்லாமல் தள்ளப்படுகிறது. கட் என்று நினைத்து எதிராளி பேட்டைத் திறந்து புஷ் பண்ணுவான், பந்து எகிறும். மூன்றாவது பந்தில் நீங்கள் அடிக்கலாம். கட்டும் டெட்டும் ஒரே வீச்சில் வரும்வரை டொமஹாக், ரிவர்ஸ் பெண்டுலம் என்று புதுசுக்குப் புதுசாகத் தாவ வேண்டாம். இரண்டு சர்வீஸ் கையில் இருந்தால் மாவட்ட அளவில் எவரையும் திணறடிக்கலாம்.

எதிராளியின் சர்வீஸை எடுப்பதும் இதே பாடம்தான். சுழல் போடக் கற்றவனுக்குத்தான் சுழலைப் படிக்க வரும். பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் பேட் எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் கை செய்கிற ஆட்டமெல்லாம் உங்களை ஏமாற்றத்தான். பந்தின் மேல் அச்சிட்ட பெயர் வருகிற வழியில் தெளிவாகத் தெரிந்தால் சுழல் குறைவு. மங்கிக் கலங்கினால் அதிகம்.

இனி பேட். இந்த ஆட்டத்தின் தலைவிதியையே ஒரு பேட் மாற்றியது நம் நாட்டில்தான். 1952இல் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்புக்கு ஹிரோஜி சாட்டோ என்ற ஜப்பானியர் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். பந்து படும் சத்தமே கேட்கவில்லை; அந்தச் சத்தத்தை வைத்தே ஆடிப் பழகிய ஐரோப்பியர்கள் தடுமாறிப் போனார்கள். உலக ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆசியர் ஆனார் சாட்டோ. அதிலிருந்து விதிகளும் கருவிகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே வருகின்றன. ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது இன்றைய விதி.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு விலையுயர்ந்த பேட் வாங்கினால் வெல்லலாம் என்று பெற்றோர் நினைத்துவிடக் கூடாது. கார்பன் பிளேடும் டெனர்ஜி ரப்பரும் வாங்கிக் கொடுத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையைக் கெடுக்கிறார்கள் என்பதுதான் நான் பார்க்கிற வருத்தமான காட்சி. அந்த ரப்பர் பந்தைத் தானாகவே தூக்கி எறியும். குட்டை சர்வீஸ் போட வராது, எதிராளியின் சுழலையும் இரண்டு மடங்காகக் காட்டும். கடையில் ரெடிமேடாகத் தொங்குகிற பேட்டுகள் வேறு விதத்தில் கெடுதல்: ரப்பரில் பிடிப்பே இருக்காது, எவ்வளவு உரசினாலும் பந்து வழுக்கும். இரண்டுக்கும் நடுவில், முழுக்க மரத்தாலான ஐந்து அடுக்கு பிளேடு ஒன்றும், 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் உள்ள கட்டுப்பாடான ரப்பர் இரண்டும் போதும். 1969இல் வந்த யசாகா மார்க் 5 இன்றும் விற்கிறது; சீனத்து 729 அதைவிட மலிவு. மிச்சமாகும் காசில் பயிற்சிப் பந்து வாங்கிக் கொடுங்கள். சர்வீஸ் பழகுகிற பிள்ளைக்கு நாலு பந்து போதாது. பொறுக்குவதிலேயே நேரம் போய்விடும்.

ரப்பருக்கும் ஆயுள் உண்டு. நடுவில் கண்ணாடி போலப் பளபளப்பு ஏறிவிட்டால் அந்த ரப்பர் செத்துவிட்டது. எவ்வளவு நல்ல பிளேடானாலும் அதில் கட் ஏறாது. ஒவ்வொரு நாளும் ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்தால் பல மாதம் கூடுதலாக உழைக்கும். நம் பக்கம் இதில் கூடுதல் கவனம் வேண்டும். மரக்காணம் உப்பளத்திலிருந்து வீசுகிற காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால் மேசையே வியர்க்கும். ஒட்டும் தன்மையுள்ள சீன ரப்பர்களில் ஈரம் படிந்தால் அந்தப் பிடிப்பு சட்டென்று போய்விடும். அந்த மாதங்களில் சர்வீஸுக்கு முன்னால் பேட்டை ஒரு தடவை துடைப்பது பழக்கமாக வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பழகுங்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. பந்தின் எடை 2.7 கிராம்தான், தலைக்கு மேல் விசிறி ஓடினால் தூக்கிப் போட்ட பந்து எங்கே இறங்கும் என்றே தெரியாது.

ரப்பர் ஒட்ட சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் பூசுகிற வழக்கம் சிற்றூர்களில் இன்னும் இருக்கிறது. 1970களில் ஐரோப்பிய வீரர்கள் ‘ஸ்பீட் குளூ’வைக் கண்டுபிடித்ததே இந்தப் பசையிலிருந்துதான்; ஸ்பாஞ்ச் ஊதி, பந்து பாயும். ஆனால் அந்த ஆவி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் 2008இல் தடை செய்துவிட்டார்கள். தண்ணீர் கலந்த பசை கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

லாங் பிம்பிள்ஸ் (நீண்ட முட்களுள்ள ரப்பர்), ஆன்டி ஸ்பின் (சுழலைக் கொல்லும் ரப்பர்) பற்றி எப்போதும் கேட்கிறார்கள். மணிகா பத்ரா பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸோடு 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் ஐஹிகா முகர்ஜி ஆன்டி ஸ்பின் ரப்பரோடு, அப்போது உலகின் முதல் நிலை வீராங்கனையான சுன் யிங்ஷாவையே 3-1 என்று சாய்த்தார். அதைப் பார்த்து ஆசை வருவது இயல்பு. ஆனால் அவர்கள் அந்த ரப்பரோடு பல ஆண்டு உழைத்தவர்கள், பேட்டைத் திருப்பித் திருப்பிப் பிடித்து ஆடத் தெரிந்தவர்கள். பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாத பிள்ளை இரண்டு பக்கமும் சாதாரண ரப்பரில் தொடங்குவதே நல்லது. அதற்குப் பதில் ஒரு உரிமையைப் பயன்படுத்துங்கள்: ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்க விதி அனுமதிக்கிறது. நம் பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கேட்பதே இல்லை. வாங்கி, கருப்புப் பக்கத்தில் என்ன, வண்ணப் பக்கத்தில் என்ன என்று விரலால் தடவிப் பாருங்கள். கருப்புப் பக்கத்தில் லாங் பிம்பிள்ஸ் என்று தெரிந்தால், அதற்குக் கட் போடக் கூடாது என்பது முதல் பந்திலேயே தெளிவாகிவிடும்.

கடைசியாக ஒன்று, இது பெரியவர்களுக்கு. சர்வீஸ் விதி இதுதான்: பந்து திறந்த உள்ளங்கையில் இருக்க வேண்டும். நேராகக் குறைந்தது 16 சென்டிமீட்டர் எழ வேண்டும். இறங்கும்போது, மேசை விளிம்புக்குப் பின்னால் தொட வேண்டும். உடம்பாலோ கையாலோ மறைக்கக் கூடாது. 2002 முதல் மறைப்பு சர்வீஸ் தவறு. நம் பள்ளி ஆட்டங்களிலோ விரலிடுக்கில் பந்தைப் பிடித்து, தூக்காமலே தட்டிவிடுகிற சர்வீஸை நடுவர்கள் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அதே பிள்ளை மாநிலப் போட்டிக்குப் போனால் அங்குள்ள நடுவர் கையை உயர்த்துகிறார். முதல் கேமிலேயே இரண்டு புள்ளி போகிறது. அதன்பின் பயத்தில் சர்வீஸே வரவில்லை. எனவே மாவட்ட விளையாட்டரங்கில் அடுத்த போட்டி நடக்கும்போது, முதல் சுற்றின் முதல் ஆட்டத்திலிருந்தே தவறான சர்வீஸுக்கு நடுவர்கள் ஒரு தடவை எச்சரித்துவிட்டு, மறுபடி வந்தால் எதிராளிக்குப் புள்ளி கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.